தறி சத்தத்துல கேக்கலன்னு சொன்னது பொய்

தணிகா,

வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அம்மா லெட்டர் எழுதியிருக்காளேன்னு நெஞ்சைப் புடிச்சுகினு உக்காந்துடாத. இன்னிக்கு நம்ம ஊருல மாசாந்திர ஷட்டவுன். காலையில ஒம்போது மணிக்குப் போன கரண்டு சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். அம்மையார்குப்பத்துல ஒரு தறி ஓடல. உங்க நைனா சாப்ட்டுட்டு தறிக் கொட்டாயிலயே துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு. உன் பழைய ரெக்கார்டு நோட்டுல எழுதாத பக்கம் நிறைய இருந்துச்சு, அதுல எழுதுறேன். முடிச்சதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புவேன். மொத்தமும் படிச்சிட்டு அப்புறம் கூப்புடு. பாதியில கூப்ட்டா எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன். போன்ல பேசுனா என்ன ஆகும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். நான் கத்துவேன், நீ 'சரிம்மா, சரிம்மா'ன்னு வெச்சிடுவ.

மொதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன், இல்லன்னா சுத்திச் சுத்தி வந்துகினே இருப்பேன். ஆடிக் கிருத்திகைக்கு வந்தியே, மறுநாள் காலையில சென்னைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி தறிகிட்ட வந்து நின்ன. நாலு தறியும் ஓடிகினு இருந்துச்சு. நான் அறுந்த இழையை முடிஞ்சுகினு இருந்தேன். நீ என் மூஞ்சைப் பார்த்து, 'எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா'ன்னு சொன்ன. நான் காதுகிட்ட கையை வெச்சு, 'என்னாடா? தறி சத்தத்துல ஒண்ணும் கேக்கல'ன்னு கத்துனேன். நீ பையைச் சரி பண்ணிகினு, 'ஒண்ணுமில்ல, இட்லி கட்டிட்டியான்னு கேட்டேன்'னு சொல்லிட்டுப் போயிட்ட. கேட்டுச்சுடா கண்ணு. ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. நாலு மாசமா அதை முழுங்கிகினு உனக்கு வேட்டியும் அவளுக்குப் புடவையும் எடுத்துகினு இருந்தேன். வர்ற வெள்ளிக்கிழமை உனக்கும் சத்யாவுக்கும் ஆர்.கே.பேட்டையில நிச்சயத் தட்டு மாத்துறதா இருந்துச்சு இல்ல, அதைப் பத்தித்தான் இந்த லெட்டரு. அதுக்கு நான் என்ன பண்ணேன்னு பின்னாடி சொல்றேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாத, உன் புத்தி எனக்குத் தெரியும்.

தறிக்காரன் வீட்டுப் புள்ளைக்கு நான் சொல்லித் தெரிய வேணாம். இந்தச் சத்தத்துல யாரு காதால கேக்குறா? வாய் அசையறதைப் பார்த்துத்தான் நம்ம பேச்சு மொத்தமும். எதிர்த்த வீட்டு ஜன்னல்ல ரெண்டு பொம்பளைங்க என்ன வம்பு பேசுறாங்கன்னு இங்க இருந்தே சொல்லுவேன். நீ குழந்தையா இருக்கறப்ப தறிக்குப் பக்கத்துல தூளி கட்டித்தான் போடுவேன், சத்தத்துல அசந்து தூங்குவ. கரண்டு போயி தறி நின்னா போதும், வீல்னு கத்திகினு எழுந்துடுவ. அப்படிப்பட்ட வீட்டுல, ஒரு கை தூரத்துல நின்னு சொன்னது கேக்கலன்னு சொன்னா யாரு நம்புவா? நீ நம்புனியா, இல்ல நம்புன மாதிரி போயிட்டியான்னு எனக்கு இன்னும் தெரியல. எனக்கு உன்னைவிட, நான் அண்ணனுக்குக் குடுத்த வார்த்தை மேலதான் பயம். சத்யா என் கூடப்பொறந்த அண்ணனோட ஒரே பொண்ணு. அவ வயசுக்கு வந்த அன்னிக்கே, 'இவ எங்க வீட்டுக்குத்தான்'னு ஊர் முன்னாடி வாய்விட்டுச் சொன்னவ நான். அதை எப்படி அண்ணன்கிட்ட திருப்பி வாங்குறது? கேக்கலன்னு சொல்றது சுளுவா இருந்துச்சு, சொல்லிட்டேன்.

ஆனா ஒடம்பு சும்மா இருக்குமா? ஆவணி பொறந்ததும் தலை சுத்த ஆரம்பிச்சுது. நூலைத் தாருல சுத்துற ராட்டினத்துகிட்ட உக்காந்தா செவுரு சாயற மாதிரி இருக்கும். உங்க நைனா திருத்தணி பெரியாஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனாரு. பிபி நூத்தி எழுவது. டாக்டர் மாத்திரை எழுதிட்டு, 'ஏதாவது டென்ஷனாம்மா?'ன்னாரு. 'எனக்கென்னங்க டென்ஷன், பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்'னு சிரிச்சேன். அவரு சீட்டுல என்னமோ கிறுக்கி, 'மாடியில யோகா டாக்டர் இருக்காங்க, பாத்துட்டுப் போங்க'ன்னாரு. யோகாவுக்கு டாக்டரா! நான் என்னமோ தாடி வெச்ச சாமியார் இருப்பாருன்னு போனா, சுடிதார் போட்டுகினு உன் வயசுல ஒரு பொண்ணு. செவ்வாயும் வெள்ளியும் காலையில பத்து மணிக்கு வரணும், வெறும் வயித்துலயோ கொஞ்சமா சாப்ட்டோ வரணும், மூச்சை அடக்குறது, வேகமா இழுத்து விடுறது ரெண்டும் உங்களுக்குக் கூடாது, மாத்திரையை நிறுத்தக்கூடாதுன்னு விரலை மடக்கி மடக்கிச் சொல்லுச்சு. அடுத்த செவ்வாக்கிழமை லேட்டாப் போயிட்டேன். உள்ள பத்துப் பேரு கண்ணை மூடிகினு உக்காந்திருக்காங்க. நம்ம வழக்கப்படி வாசல்ல நின்னு, 'ஆங், வந்துட்டேங்க!'ன்னேன் பாரு, ஒரு தாத்தா திடுக்குன்னு பாயை விட்டு எழுந்துட்டாரு. எனக்கு அது மெதுவாப் பேசுறதுதான்!

டேய், எனக்கு எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல, அவ்ளோ இருக்குது சொல்றதுக்கு. மொத நாளு கண்ணை மூடுனதும் எனக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா? தறி. டக்கு டக்கு டக்குன்னு நம்ம மூணாவது தறி, அந்த நொண்டித் தறி இருக்குதில்ல, அதேதான். கண்ணைத் தொறந்து ஜன்னலைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில ஏது தறி? மறுபடி மூடுனேன், மறுபடி ஓடுது. முப்பது வருஷமா வெளிய ஓடுதுன்னு நினைச்சது உள்ளயே ஒண்ணு மாட்டிகினு ஓடிகினு இருந்திருக்குது. டாக்டரம்மாகிட்ட பயந்து போயி சொன்னேன். 'ஓடட்டும்மா, நிறுத்தாதீங்க. நீங்க பாட்டுக்கு மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் மட்டும் பாருங்க'ன்னாங்க. பக்கத்துப் பாயில கமரு அக்கா. திருத்தணியில லாரி ரிப்பேர் பண்றாரே ஒரு பாய், அவரு சம்சாரம், முட்டி வலிக்கு வர்றாங்க. 'அக்கா, உங்களுக்கு என்ன வருது?'ன்னேன். 'எனக்கா? அரிசி ஊறப்போட்டனா இல்லையான்னுதான் வந்துகினு இருக்குது. மூணு மாசமா தியானத்துல அரிசி ஊறுது'ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல டாக்டரம்மாவும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் வண்டு மாதிரி ம்ம்ம்னு மூச்சு விடச் சொன்னாங்க, பிராமரின்னு பேரு. நான் ம்ம்ம்ன்னேன். கமரு அக்கா கண்ணைத் தொறக்காமலே, 'அம்மாடி, இது வண்டு இல்ல, ரைஸ் மில்லு'ன்னாங்க.

நடுவுல ஒரு நாள் வட்டமா உக்கார வெச்சு, ஆளுக்கு உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. சுலபமாத்தானே இருக்குதுன்னு, 'எங்க பையனுக்கு எண்ணெய் கத்திரிக்கா பிடிக்குங்க'ன்னேன். 'உங்களுக்கும்மா?' 'மோர்க்குழம்பு வெச்சா எங்க வீட்டுக்காரரு விரும்பிச் சாப்புடுவாருங்க.' 'உங்களுக்கு?' எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. நான் பாயோட ஓரத்துல பிரிஞ்ச இழையை முடிய ஆரம்பிச்சேன். அம்பத்து மூணு வயசு ஆவுது, கோபமா வந்துச்சு. என்ன கேள்வி இது, நாங்க என்ன வேலை வெட்டி இல்லாம உக்காந்துகினு இருக்கோமான்னு பஸ்ஸுல வர்றவரைக்கும் முணுமுணுத்துகினு வந்தேன். அப்பத்தான் தோணுச்சு, நான் டிரைவருக்குப் பக்கவாட்டுல இருக்குற ஒத்தை ஜன்னல் சீட்டுல உக்காந்திருக்கேன். மூணு வாரமா அந்தச் சீட்டுக்காகவே ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு நின்னு ஏறுறேன்! எனக்குத் தனியா பஸ்ஸுல போறது பிடிக்குதுடா! யாரு கூடயும் பேசாம, மாந்தோப்பையும் மலையையும் பார்த்துகினு, காத்துல முந்தானை பறக்க. வெள்ளிக்கிழமை போனதும் மொத ஆளா சொன்னேன். கமரு அக்கா கையைத் தட்டுனாங்க. நீ சிரிப்ப, சிரிச்சுக்கோ. உன் போன்ல ஒரு பொம்பள இங்கிலீஷ்ல மூச்சு இழு, மூச்சு விடுன்னு சொல்லிகினு இருப்பா, நீ கண்ணை மூடி உக்காந்திருப்ப, 'மூச்சு விடறதுக்குக்கூட ஆளு வேணுமா உனக்கு'ன்னு கிண்டல் பண்ணேனே, அதுக்கு இப்ப மன்னிப்பு கேட்டுக்கறேன். எத்தனை நாளா உக்கார்ற, எதைத் தேடி உக்கார்றன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரு.

புரட்டாசி கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை. உக்காந்து கொஞ்ச நேரம் ஆச்சு. மூச்சு உள்ள போறது, வெளிய வர்றது. எப்ப நின்னுச்சுன்னு தெரியல, தறி நின்னுடுச்சு. கரண்டு போன மாதிரி படக்குன்னு இல்ல, தானா ஓய்ஞ்சு போச்சு. அப்ப கேட்டுச்சு பாரு! ஃபேன் சுத்துறது, டாக்டரம்மா கை வளையல், கீழ சீட்டு நம்பர் கூப்புடுறது, மலை மேல கோயில்லருந்து மைக்குல யாரோ தொலைஞ்ச புள்ளைக்கு அடையாளம் சொல்றது, கமரு அக்கா மூக்குல லேசா ஒரு விசில். எல்லாம் தனித்தனியா, கழுவி வெச்ச மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கல. கண்ணைத் தொறந்து எல்லாரையும் எழுப்பி, 'கேக்குதா? உங்களுக்கும் கேக்குதா?'ன்னு கேக்கணும் போல இருந்துச்சு. அந்த நேரத்துலதான் நீ வந்த. கனவு இல்ல, வெளிச்சம் இல்ல. நீல சட்டை, தோளுல பை, உன் வாய் அசையுது. 'எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா.' இந்தத் தடவை மறைக்கறதுக்கு எங்கிட்ட ஒரு சத்தமும் இல்ல.

அதோட விட்டுச்சா? அதுக்கு முன்னாடி இருந்ததும் சேர்ந்து வந்துச்சு. எட்டாவது படிக்கறப்ப அரக்கோணத்துக்கு அந்தாண்ட ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்த்தமே. தீபாவளிக்கு வந்துட்டுத் திரும்பறப்ப டிரங்குப் பெட்டியைப் புடிச்சுகினு இதே இடத்துல நின்னு, 'நான் அங்க போகலம்மா'ன்ன. அன்னிக்கும் கேட்டுச்சு. அன்னிக்கும் காதுல கையை வெச்சேன். மூணு வருஷம் அங்க இருந்த. அங்க உனக்கு என்ன ஆச்சு, யாராவது அடிச்சாங்களா, சாப்பாடு பிடிக்கலையா, இல்ல என் மடியில படுக்கணும்னு இருந்துச்சா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டாத்தானே தெரியும். அதுக்கப்புறம் நீ தறிகிட்ட வந்து எதுவும் சொன்னதே இல்ல, ஆடிக் கிருத்திகை மறுநாள் வரைக்கும். பாயில உக்காந்துகினே கண்ணுல தண்ணி கொட்டுது. டாக்டரம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. எல்லாரும் போனதுக்கப்புறம் நானே சொன்னேன், 'தியானம் பண்ணா மனசு அமைதியாகும்னு சொன்னீங்க, எனக்குப் பொய் சொல்றவ ஒருத்திதான் உள்ள இருந்து எழுந்து வர்றா'. அவங்க, 'அவளையும் கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பாருங்கம்மா, விரட்டாதீங்க'ன்னாங்க. அந்தப் பொண்ணு எனக்கு வேற எதுவும் சொல்லல, என்ன பண்ணணும்னு சொல்லவே இல்ல. அப்ப கடுப்பா இருந்துச்சு, மாத்திரை மாதிரி ஒண்ணு எழுதித் தரமாட்டாங்களான்னு. இப்ப நினைச்சா அதுக்காகவே அவங்களுக்கு ஒரு புடவை நெய்ஞ்சு குடுக்கணும்.

அதுக்கப்புறமும் ஒரு மாசம் உக்காந்தேன். தினம் காலையில நைனா தறி போடறதுக்கு முன்னாடி மொட்டை மாடியில இருவது நிமிஷம். அண்ணன் கோச்சுக்கும், பேச்சு நின்னுடும், சொந்தக்காரங்க முகத்துல முழிக்க முடியாதுன்னு ஒவ்வொண்ணா வரும். வந்து எதிர்த்த மாதிரி உக்காரும். நானும் உக்காந்திருப்பேன். அது எழுந்து போயிடும், நான் அப்படியே இருப்பேன். இது ஒண்ணுதான் நான் கத்துகினது, ஆனா எவ்ளோ பெருசு தெரியுமா இது! எதைப் பார்த்து முப்பது வருஷமா தறிக்குப் பின்னாடி ஒளிஞ்சுகினு இருந்தனோ, அது வந்தா பத்து நிமிஷம் உக்காருது, அவ்ளோதான்! போன வாரம் திருத்தணி மலைக்குப் படி வழியா ஏறுனேன், முன்னூத்தி அறுபத்தஞ்சு படியும், பாதியில உக்காராம. மேல நின்னு ஊரைப் பார்த்துகினு, நான் இதைச் சொல்லிடுவேன், எனக்குச் சொல்ற தெம்பு இருக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல நின்ன ஆந்திராக்கார அம்மாகிட்ட, சொல்லிடுவேன்னு தெலுங்குலயே 'செப்பேஸ்தானு'ன்னேன். எதைன்னு அவங்களுக்குப் புரியல, பிரசாதம் குடுத்தாங்க.

மொதல்ல நைனாகிட்ட. ஞாயித்துக்கிழமை காலையில தறி ஓடிகினு இருக்கறப்பவே போயி ஸ்விட்சை அணைச்சேன். 'என்னாடி, பாவு நூலு அறுந்துச்சா?'ன்னு ஓடி வந்தாரு. உக்காரச் சொன்னேன். 'தணிகா ஆடிக் கிருத்திகை மறுநாளு எங்கிட்ட ஒண்ணு சொன்னான், நான் கேக்கலன்னு சொல்லிட்டேன்'னு ஆரம்பிச்சேன். அவரு துண்டால கையைத் துடைச்சுகினே இருக்காரு. அப்புறம், 'கல்யாணம் வேணாம்னானே, அதுவா?'ன்னாரு. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' 'நான் நாலாவது தறி நாடாவுல நூல் மாத்திகினு எதிர்லதானே நின்னேன். அவன் வாய் எனக்குத் தெரிஞ்சுதே.' 'அப்புறம் ஏன் சொல்லல?' 'நீ கேக்கலன்னு சொன்ன. சரி, உனக்குக் கேக்கலன்னா எனக்கும் கேக்கலன்னு இருந்துட்டேன்.' தணிகா, நான் அழறதா சிரிக்கறதான்னே தெரியாம அவரைப் போட்டு அடிச்சேன், நிஜமாவே முதுகுல ரெண்டு போட்டேன். நாலு மாசம் ஒரே தட்டுல சாப்ட்டுகினு, ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாதுன்னு இன்னொருத்தர் நடிச்சுகினு இருந்திருக்கோம். 'நீயே போயி உன் அண்ணன்கிட்ட பேசு, நான் வந்தா சண்டை ஆகிடும்'னாரு. அது பயம்தான், ஆனா அவரு சொன்னதும் சரிதான்.

அன்னிக்கு மத்தியானமே ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். உன்னைக் கேக்காமத்தான் போனேன். கேட்டுட்டுப் போயிருக்கணும். ஆனா கேட்டா நீ, 'பரவால்லம்மா, நடக்கட்டும்'னுவ, உன்னை அப்படி வளர்த்து வெச்சிருக்கேன். உங்க மாமா பந்தல்காரன்கிட்ட பேசிகினு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும், 'வா வா, வாழை மரம் ரெண்டு போதுமா, நாலு வெக்கலாமா?'ன்னு வாயெல்லாம் பல்லு. மூச்சை மெதுவா உள்ள இழுத்தேன், மெதுவா விட்டேன். 'அண்ணா, வெள்ளிக்கிழமை வேணாம். தணிகா நாலு மாசத்துக்கு முன்னாடியே வேணாம்னு சொன்னான், நான் கேட்டுட்டு மறைச்சிட்டேன். புள்ளை மேல தப்பு இல்ல, பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. நான் பண்ண தப்பு இது'ன்னேன். கத்தாம சொன்னேன்டா, என் வாழ்க்கையில மொத தடவையா! அண்ணன் பந்தல்காரனை அனுப்பி வெச்சுது. அப்புறம், 'யோகா கீகான்னு போயி உனக்கு மூளை கெட்டுப்போச்சு. எழுந்து போ'ன்னுச்சு. உங்க அத்தை உள்ள போயிட்டாங்க. அதைக்கூட நான் தாங்கிகினேன். ஆனா சத்யா சமையல்கட்டு வாசல்ல நின்னுகினு இருந்தா. 'அத்தை, தணிகா பாவா ஆடி மாசமே சொல்லிடுச்சா? அப்ப ஐப்பசியில என்னைக் கூட்டிக்கினு போயி கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, இந்தக் கலர் தணிகாவுக்குப் பிடிக்கும்னு புடவை எடுத்தீங்களே, அது என்ன?'ன்னு கேட்டா. 'நான் உன்னை ஏமாத்திட்டேன்மா'ன்னு மட்டும் சொன்னேன். இதைத்தான் நீ நல்லாப் படிக்கணும். கேக்காத மாதிரி இருந்ததால உன்னை மட்டும்தான் கஷ்டப்படுத்தினேன்னு நினைச்சுகினு இருந்தேன். அந்தப் பொண்ணு நாலு மாசம் ஆசையா இருந்திருக்கா.

வெளிய வந்து செருப்பைத் தேடுறேன், அவ ஸ்கூட்டி எடுத்துகினு வந்து நிக்குறா. 'ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடுறேன்.' வழி பூரா ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. முன்னாடியா இருந்தா அந்த அமைதி தாங்காம எதையாவது உளறிகினே வந்திருப்பேன். பஸ் வந்துச்சு. ஏறப்போறப்ப கையைப் புடிச்சா, கண்ணு செவந்திருக்குது. 'அத்தை, உங்க மேல எனக்கு பயங்கர கோபம். ஆனா இதுக்காக எங்க வீட்டுக்கு வராம இருந்துடாதீங்க. அப்பா திட்டும், நீங்க வாங்க'ன்னா. நான் தலையை ஆட்டுனேன். அவளுக்கு நீ ஒரு போன் பண்ணணும் தணிகா. கல்யாணம் பேச இல்ல, மன்னிப்பு கேக்கவும் இல்ல, நீ எதுக்குக் கேக்கணும்? நேரா மூஞ்சைப் பார்த்துப் பேசுற பொண்ணு அவ, அவகிட்ட ஒளிஞ்சுகினு இருக்காத. மாமா கூப்ட்டா எடு. திட்டுனா கேட்டுக்கோ, என் பங்குத் திட்டு அது.

இப்ப எனக்கு எப்படி இருக்குது தெரியுமா? அண்ணன் பேசல, அடுத்து பேசுமான்னும் தெரியல, நெஞ்சுல வலிக்குது. அதோட சேர்ந்து, நம்பமாட்ட, குதிக்கணும் போல இருக்குது! இன்னிக்குக் காலையில டாக்டரம்மா பிபி பார்த்தாங்க, நூத்தி முப்பத்தாறு. கமரு அக்கா வேற, அடுத்த மாசத்துலருந்து நம்ம ஊருலயே பொம்பளைங்களுக்கு நீ யோகா ஆரம்பி, நான் வந்து அரிசி ஊறப்போடுறேன்னு உசுப்பேத்தி விட்டுட்டாங்க. தறிக்காரப் பொம்பளைங்க பத்துப் பேரை ஒரு ரூம்புல கண்ணை மூடி உக்கார வெச்சா என்ன நடக்கும்னு நினைச்சுப் பாரு. பாதிப் பேரு அழுவாங்க, மீதிப் பேரு குறட்டை விடுவாங்க. எனக்குக் கையெல்லாம் பரபரன்னு இருக்குது. உனக்கு உபதேசம் பண்ண வரல. நீ என்னைவிட முன்னாடியே உக்காந்தவன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கண்ணை மூடுறப்ப அமைதி வரலன்னு எழுந்துடாத. அமைதிக்கு முன்னாடி வேற யாராவது வருவாங்க. எனக்கு நீ வந்த. உனக்கு நான் வந்தாலும் வரலாம், ஹாஸ்டல் வாசல்ல உன்னை விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம போறவளா. வந்தா விரட்டாத. எவ்ளோ திட்டணுமோ திட்டு, முடிஞ்சா ஒரு நாள் நேர்லயும் திட்டு.

கல்யாணம் வேணாம்னா யாரையாவது மனசுல வெச்சிருக்கியா, இல்ல கல்யாணமே வேணாமா, சென்னை வேலையே பிடிக்கலையா, வேற எங்கயாவது போகணுமா, எதுவும் எனக்குத் தெரியாது. நானா ஒண்ணு யோசிச்சு வெச்சுக்கவும் போறதில்ல. உனக்குக் கத்திரிக்கா பிடிக்கும்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சனே, அதுகூட உனக்குப் பிடிக்குமா, இல்ல நான் ஆக்கிப் போட்டதால சாப்ட்டியான்னு இப்ப சந்தேகமா இருக்குது. இருபத்தெட்டு வருஷம் உன்னை வளர்த்துட்டேன், இந்தக் கேள்வியை மட்டும் ஒரு தடவைகூட உன்கிட்ட கேக்கல. இப்ப கேக்குறேன். பதிலு எனக்குப் பிடிக்கலன்னாலும் பரவால்ல, உடனே சொல்லணும்னும் இல்ல.

உனக்கு என்னடா வேணும்?